கை படாத கொலை

நள்ளிரவு கடந்து கோழி கூவும் வேளை. மேடையில் தீ. சாம்பிராணிப் புகையும் சிவப்பு விளக்கும் சேர்ந்து எழுப்பிய தீ. கைகுவித்தபடி நந்தன் அதை வலம் வருகிறான். பின்பாட்டுக்காரர் குரலை உச்சத்துக்கு ஏற்றுகிறார். புகையினுள் மறைகிறான் நந்தன்; மறுகணமே மார்பில் முப்புரி நூலும் தலையில் சடையுமாக வெளிப்படுகிறான். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. திரை விழுகிறது. பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் வீடு திரும்புகிறார்கள்.

ஒரு மனிதனை உயிரோடு தீயில் இறக்கிய காட்சியை அவர்கள் கண்டிருக்கிறார்கள். அழுதார்கள், உருகினார்கள், அரோகரா என்றார்கள். ஒருவராவது கேட்டாரா, இது யார் செய்த கொலை என்று?

நாம் கேட்கிறோம். நந்தன் என்றொருவர் ஆதனூரில் வாழ்ந்தாரா, எந்த நூற்றாண்டில் வாழ்ந்தார் என்ற ஆராய்ச்சிக்குள் நாம் இங்கே புகவில்லை. அயோத்திதாசப் பண்டிதர், நந்தன் பௌத்த அரசன், வஞ்சனையால் வீழ்த்தப்பட்டவன் என்று தம் 'இந்திரர் தேச சரித்திர'த்தில் எழுதினார். அதையும் இப்போது ஒருபுறம் வைப்போம். பக்தர்கள் போற்றும் நூலையே எடுத்துக்கொள்வோம். அது சொல்வதை அது சொல்கிறபடியே கேட்போம். சாட்சியம் அவர்களுடையது. விசாரணை மட்டுமே நம்முடையது.

முதலில் ஓர் உண்மை. நந்தனைப் பற்றிய பழைய குறிப்புகளில் தீ இல்லை! சுந்தரர் தம் திருத்தொண்டத் தொகையில் திருநாளைப்போவாரை ஒரே தொடரில் வணங்கிவிட்டு நகர்கிறார். அவருக்குப் பின்வந்த நம்பியாண்டார் நம்பி ஒரு செய்யுள் ஒதுக்குகிறார். அதில் ஆதனூர் உண்டு, தில்லை உண்டு, இழிகுலம் நீங்கியதும் உண்டு, மூவாயிரவர் கைகூப்ப முனிவரானதும் உண்டு. தீ மட்டும் இல்லை. 12ஆம் நூற்றாண்டில், சோழப் பேரரசின் அமைச்சராயிருந்த சேக்கிழார் கையில்தான் இந்தக் கதை தீப்பிடிக்கிறது. அந்தக் காவியம் அரங்கேறிய இடம் தில்லை ஆயிரக்கால் மண்டபம் என்பது மரபு. எந்த ஊரில் தீ மூண்டதோ, அந்த ஊர் மண்டபத்திலேயே தீயின் பெருமை பாடப்பட்டது என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சேக்கிழாரைக் குறைத்து மதிப்பிடுவோர் நாமல்லர். கொள்ளிடக் கரையிலே, மேற்காநாட்டு ஆதனூரின் புலைப்பாடியை அவர் காட்டும் அழகுக்கு இணையான காட்சி அந்தக் காலத்து இலக்கியத்தில் அரிது. குடிசை, கோழிக்குஞ்சு, வார்த்தோல், குழந்தை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து எழுதுகிறார். பேரிகைக்குத் தோலும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவன் நந்தன். அவன் கொடுத்த தோல் கோயிலுக்குள் போனது. அவன் கொடுத்த நரம்பு கோயிலுக்குள் இசைத்தது. அவன் வெளியே நின்றான். கவிஞர் இதை ஒளிக்கவில்லை.

இப்போது தில்லைக்கு வருவோம். நாளை போவேன், நாளை போவேன் என்று பலநாள் தள்ளியவன் ஒருநாள் புறப்பட்டே விடுகிறான். எல்லையை அடைகிறான். வேள்விப் புகை எழுவதைக் காண்கிறான். தன் பிறப்பை நினைக்கிறான். நின்றுவிடுகிறான். இரவும் பகலும் மதிலைச் சுற்றி வருகிறான். சேக்கிழாரின் நூலில் யாராவது அவனைத் தடுத்தார்களா என்று தேடிப் பாருங்கள். ஒருவரும் இல்லை! "போ வெளியே" என்று ஒரு குரல் கூட எழவில்லை. காவலன் கோலை நீட்டவில்லை. தடுக்க ஆள் வேண்டியிராத அளவுக்குத் தடை அவனுக்குள்ளேயே கட்டி முடிக்கப்பட்டிருந்தது. கல்மதில் ஊருக்கு வெளியே நின்றது. சாதிமதில் அவன் நெஞ்சுக்குள் நின்றது. இரண்டாவது மதிலைக் கட்டிய கொத்தர் யார்?

அயர்ந்து உறங்குகிறான். கனவு. இந்தப் பிறவி கழிய எரியில் மூழ்கி, பூணூல் மார்பரோடு வந்து சேர் என்கிறார் ஆண்டவன். அதே இரவில் தில்லைவாழ் அந்தணர்க்கும் கனவு, தீயமைக்கச் சொல்லி. அவர்கள் அஞ்சி எழுகிறார்கள், கூடுகிறார்கள், நந்தனிடம் சென்று ஆண்டவன் கட்டளையால் உமக்குத் தீயமைக்க வந்தோம் என்கிறார்கள். தெற்கு மதிலுக்கு வெளியே, வாயில்முன் தீ வளர்கிறது. நந்தன் புகுகிறான். முனிவனாய் எழுகிறான். கோயிலுள் செல்கிறான். உடன் சென்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மன்றாடும் இடத்தை அணுகியவனை அதன்பின் யாரும் காணவில்லை.

யாரும் காணவில்லை! இந்த இரண்டு சொற்களையும் ஒரு சாதாரணக் காவல்நிலையத்து எழுத்தர் கூடக் கோடிட்டு வைப்பார். ஒருவன் தீயருகே கடைசியாகக் காணப்பட்டான். அதன்பின் அவனைக் கண்டவர் இல்லை. தீயை மூட்டியவர்களே சாட்சிகள். கனவு கண்டவர்களும் அவர்களே. அவன் சடையோடு எழுந்தான் என்று சொல்பவர்களும் அவர்களே. எதிர்வாக்குமூலம் தரவேண்டியவன் சாம்பல்.

"ஐயோ, பக்திக் காவியத்தைப் பஞ்சாயத்து ஆக்குகிறீர்களே!" என்று சைவப் புலவர்கள் சிலர் சீறக்கூடும். சீறட்டும். அவர்களுடைய நூலிலிருந்தே இரண்டு கேள்விகள் கேட்கிறோம்.

தில்லைக்கு வருமுன் இதே நந்தன் திருப்புன்கூருக்குப் போகிறான். அங்கே நந்தி மறைக்கிறது. ஆண்டவன் நந்தியை விலகச் செய்து காட்சி தருகிறார். கல்லை நகர்த்தத் தெரிந்த கடவுளுக்குத் தில்லையில் ஒரு வழக்கத்தை நகர்த்தத் தெரியாமற் போனதேன்? திருப்புன்கூரில் நந்தனின் பிறப்பு அப்படியே இருந்தது, மறைத்தது விலகியது. தில்லையில் மறைத்தது அப்படியே இருந்தது, நந்தன் விலக்கப்பட்டான்.

இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. அதே பெரிய புராணத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வருகிறார். பாணர் குலம், கோயிலுக்குள் புக உரிமையற்ற குலம். மதுரையில் அவரை உள்ளே அழைத்துவரும்படி அடியார்களுக்கு ஆண்டவன் கனவில் சொல்கிறார், உள்ளே போகிறார், அவருக்குப் பொற்பலகையும் கிடைக்கிறது. திருவாரூரில் அவருக்கென வடதிசையில் வேறொரு வாயில் திறக்கிறது. அதே கடவுள், அதே கவிஞர், அதே கனவு என்னும் உத்தி. பாணருக்குப் பலகை. நந்தனுக்கு விறகு. ஆகவே கதைக்கு வேறு வழி இல்லை, அக்காலத்து நம்பிக்கை அப்படி என்று தப்பிக்க முடியாது. வேறு வழி அந்த நூலிலேயே இருக்கிறது. தெரிந்தே தீ தேர்ந்தெடுக்கப்பட்டது.

இங்கே கிரேக்க நாட்டு நாடகம் ஒன்று நம் நினைவுக்கு வருகிறது. கி.மு. 441ஆம் ஆண்டளவில் ஏதென்சு நகரத்தில் அரங்கேறியது. சாபக்ளீஸ் எழுதிய 'ஆன்டிகனி'. அரசன் கிரியோனின் கட்டளையை மீறித் தன் அண்ணனை அடக்கம் செய்கிறாள் ஆன்டிகனி. முதலில் கல்லெறிந்து கொல்வதே தண்டனை என்று அறிவித்த அரசன், பிறகு மாற்றிக்கொள்கிறான். உயிரோடு ஒரு குகையில் வைத்து அடைக்கச் சொல்கிறான். கொஞ்சம் உணவும் வைக்கச் சொல்கிறான். ஏன் அந்த உணவு? கருணையினாலா? நகரத்தின்மேல் கொலைப்பழி படக்கூடாது என்பதற்காக! நான் கொல்லவில்லை, உணவுதான் வைத்தேன், செத்தால் அது அவள் விதி. என்ன கணக்கு! அவள் குகையில் தூக்கிட்டுக்கொள்கிறாள். அவளை மணக்கவிருந்த அரசன் மகன் வாளில் வீழ்கிறான். செய்தி கேட்ட அரசியும் மாய்கிறாள்.

கிரியோனின் சோற்றுக்கும் தில்லையின் கனவுக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் கை கழுவுவதற்கு வைத்த தண்ணீர். ஆனால் நாடகத்தின் முடிவிலே கிரியோன் என்ன செய்கிறான்? பிணங்களின் நடுவே நின்று, கொன்றவன் நானே என்று கதறுகிறான். பழியைத் தன்மேலேயே ஏற்றுக்கொள்கிறான். அந்த ஒரு கதறலால்தான் அது துன்பியல் நாடகமாகிறது. நம் நந்தன் நாடகத்தில் இந்தக் கதறல் எங்கே? தீ மூட்டியவர்கள் மகிழ்கிறார்கள், மலர் தூவுகிறார்கள். கொலை நடந்திருக்கிறது, கொலையாளி இல்லை. ஆகவே அது துன்பியலாகவும் ஆகவில்லை, திருவிழா ஆகிவிட்டது.

இந்தத் திருவிழாவைத் தமிழ்நாட்டு மேடைக்குக் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது. காரைக்காலில் அதிகாரியாயிருந்த சிசே என்ற பிரெஞ்சுக்காரர் அதற்குத் துணைநின்றார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சிறப்புப் பாயிரம் கொடுக்கத் தயங்கி, பாரதியாரைப் பலமுறை நடக்கவிட்டுப் பிறகுதான் கொடுத்தார் என்ற செய்தியை உ.வே.சா. எழுதியிருக்கிறார். இலக்கணப் பிழைகள் ஒரு காரணம். சேக்கிழார் சொல்லாததைச் சொன்னது மற்றொரு காரணம்.

அந்தச் "சொல்லாதது" என்ன? வேதியர்! சேக்கிழாரின் நந்தனுக்கு ஆண்டை கிடையாது. ஊர்ப்பணிக்காக விடப்பட்ட நிலம் அவனுக்கு உணவுரிமை, அதில் வாழ்ந்தான். பாரதியாரின் நந்தனோ பண்ணையாள். தில்லைக்குப் போகவேண்டுமானால் வேதியரின் உத்தரவு வேண்டும். நாற்பது வேலி நிலத்தையும் அறுவடை செய்து முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். சிவனருளால் ஒரே இரவில் வேலை முடிகிறது. வேதியர் நடுங்கிப்போய் நந்தனின் காலில் விழுகிறார்.

தஞ்சைத் தரணியின் பண்ணையடிமை வாழ்வைப் பாரதியார் கண்ணால் கண்டவர். 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பு இல்லை என்று சொல்லிவிட்டது. வயல் அதைக் கேட்கவில்லை. பண்ணையாள் ஒருவன் ஒருநாள் விடுப்புக் கேட்டால் என்ன நடக்கும் என்பதைப் பிராமணராய்ப் பிறந்த ஒருவர், பிராமண ஆண்டையை வில்லனாக்கி, ஊரறியப் பாடினார் என்பதை நாம் மறுக்கவில்லை, மறைக்கவும் மாட்டோம். அந்த இசையில் உருகாத நெஞ்சம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் அந்த வேதியர் நாடகத்தில் செய்யும் வேலை என்ன என்று பாருங்கள். கதையின் கொடுமை முழுவதும் அவர் தலையில் குவிக்கப்படுகிறது. பார்ப்பவர்களின் சினம் முழுவதும் அவர்மேல் பாய்கிறது. பிறகு அவர் காலில் விழுகிறார். சினம் தீர்ந்தது! கணக்கு நேரானது! ஆதனூரிலேயே நீதி கிடைத்துவிட்ட நிறைவோடு கூட்டம் நந்தனைத் தில்லைக்கு வழியனுப்புகிறது. அங்கே மூளும் தீயைப் பார்த்துச் சினங்கொள்ள அவர்களிடம் சினம் மிச்சமில்லை. தனியொரு கொடியவனைக் காட்டி, திருத்தி, மன்னித்து, அவன் நிழலில் ஓர் ஏற்பாடு முழுவதையும் தப்பவிடுவது என்ற வித்தை இதுதான். இன்றைய திரைப்படங்களில் கூட இதைக் காணலாம். பண்ணையார் கெட்டவர், கடைசிச் சுருளில் திருந்துவார், பண்ணை அப்படியே இருக்கும்.

1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகவும் நடித்த படம் வந்தது. 1942இல் ஜெமினியின் படத்தில் தண்டபாணி தேசிகர் பாடினார். பாட்டுகள் பட்டிதொட்டியெங்கும் பரவின. நாடகக் கொட்டகையின் சாம்பிராணிப் புகையைவிடக் காமிராவின் தந்திரம் அழகாக இருந்திருக்கும். அவ்வளவுதான்.

இனி, எதிர்வாதிகளின் கடைசிக் கோட்டைக்கு வருவோம். "நந்தன் தானே விரும்பித் தீயில் இறங்கினான், யாரும் தள்ளவில்லையே!"

இந்த வாதம் நமக்குப் புதிதன்று. கணவன் பிணத்தோடு பெண்ணை எரித்தவர்கள் இதையேதான் சொன்னார்கள். தானே விரும்பினாள், தானே ஏறினாள். 1829இல் வங்கத்தில் பெண்டிங்க் கொண்டுவந்த ஒழுங்குவிதி, அடுத்த ஆண்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அவள் விரும்பி எரிந்தாளா, விரும்பாமல் எரிந்தாளா என்ற வேறுபாடே பார்க்கத் தேவையில்லை, உதவியவன் குற்றவாளி என்று அது சொல்லிற்று. விறகு அடுக்கியவனையும் நெய் ஊற்றியவனையும் அது தேடியது. நந்தனார் கீர்த்தனை அச்சேறுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்விக்குச் சட்டம் விடை எழுதிவிட்டது. கதாகாலட்சேபக் கூட்டத்தில் அந்த விடையை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

விருப்பம் என்கிறார்களே, அந்த விருப்பத்தின் வரலாறு என்ன? பிறந்தநாள் முதல் நீ தீட்டு, உன் நிழல் தீட்டு, உன் பிறவியே தடை என்று ஒருவனுக்கு ஊட்டி வளர்க்கிறீர்கள். அவன் அதை நம்புகிறான். தன் உடலைத் தானே வெறுக்கிறான். இந்த உடல் எரிந்தால் விடுதலை என்று கனவு காண்கிறான். கனவு அவனுடையது, ஒப்புக்கொள்கிறோம். கனவுக்குள் வந்த சொற்கள் யாருடையவை? மக்பெத்துக்குச் சூனியக்காரிகள் நீ அரசனாவாய் என்றுதான் சொன்னார்கள். கொல் என்று சொல்லவில்லை. கத்தியை எடுத்தவன் அவனே. ஆகவே பழியும் அவனுக்கே என்று சேக்சுபியர் தீர்த்தார். நந்தனோ யாரையும் கொல்லப் புறப்பட்டவன் அல்லன். கும்பிடப் புறப்பட்டவன். அவன் கேட்டது ஒரு காட்சி. அதற்கு விலையாக உடலைக் கேட்டது ஊர். விலை கொடுத்தவனையே குற்றவாளியாக்கும் வாதத்தை எந்த நீதிமன்றமும் ஏற்காது.

1978இல் இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை' என்ற நாடகத்தை எழுதினார். தமிழ் மேடையில் நந்தன் தீ கொலைத் தீயாகவே காட்டப்பட்டது அதில்தான். வேதியர் மட்டுமல்லர், நிலவுடைமைச் சாதியாரும் கைகோக்கிறார்கள். ஆண்டவன் கனவில் சொன்னான் என்பதே சதியின் கருவியாகிறது. பிராமணர் ஒருவரைக் காட்டிவிட்டு மற்ற ஆதிக்கச் சாதிகளைத் தப்பவிடாத அந்த நேர்மை, நம்மவர்களில் சிலருக்குக் கூடக் கசக்கும். கசந்தாலும் விழுங்கத்தான் வேண்டும். நந்தனின் மதிலுக்குக் கல் சுமந்தவர்களில் பூணூல் இல்லாதவர்களும் ஏராளம்.

அதற்கு முன்பே, 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் கிந்தனாராக வந்து நந்தனைத் தலைகீழாக்கினார். படத்தின் கதை அறிஞர் அண்ணாவுடையது. கிந்தனுக்குத் தில்லைமேல் தாகம் இல்லை, படிப்பின்மேல் தாகம். அவன் புகுந்தது பள்ளிக்கூடத்தில். சிரித்துக்கொண்டே செய்த அந்தத் திருத்தம், நூறு கண்டனக் கூட்டங்களைவிட வலிமையுள்ளது. சிதம்பரத்திலேயே சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினார் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். அவர் பக்தர், நாம் பக்தர் அல்லர். ஆயினும் தீக்கதையின் நாயகன் பெயரைப் பலகையில் எழுதி, அதன் கீழே சேரிப்பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொன்னவரை எப்படிப் போற்றாமலிருப்பது?

பழங்கதை, பழங்கதை என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. அதே சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தில் பயின்று, காதலித்து, 2003ஆம் ஆண்டு கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்ட இரண்டு இளைஞர்களின் கதி என்ன? அவன் ஆதித்திராவிடன், அவள் வேறு சாதி. விருத்தாசலம் பக்கத்தில் இருவருக்கும் நஞ்சு புகட்டினார்கள். உடல்களை எரித்தார்கள். எரித்துவிட்டுக் கனவு வந்தது என்று சொல்லவில்லை, காலம் மாறிவிட்டதல்லவா? மானம் போயிற்று என்றார்கள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. 2021இல் கடலூர் நீதிமன்றம் பதின்மூவருக்குத் தண்டனை விதித்தது. அவர்களில் இருவர் காவல்துறையினர். நஞ்சு புகட்டியவர்கள் அல்லர் அவர்கள். விசாரிக்க வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு உண்மையைப் புரட்டியவர்கள். அந்த இருவரின் குற்றமும் 2025இல் உச்சநீதிமன்றம் வரை உறுதியாயிற்று. பதினெட்டு ஆண்டுகள் கழித்தாவது, பார்த்தும் பாராதிருந்த கையும் கொலைக்கை என்று கடலூர் மாவட்டத்து நீதிமன்றம் ஒன்று எழுதிவைத்தது. தெற்கு மதிலுக்கு வெளியே நின்ற மூவாயிரவரைப் பற்றி அப்படி எழுத எந்தப் புலவரும் இதுவரை முன்வரவில்லை.

ஆண்டு விழாக்களில் நந்தன் நாடகம் போடும் மன்றத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டுகளைக் குறைக்க வேண்டாம், அவை மக்களுடையவை. வேதியர் காலில் விழும் காட்சியை வெட்டிவிடுங்கள். தீக்காட்சிக்கு முன்னால், பேச்சே இல்லாத காட்சி ஒன்றைச் சேருங்கள். விடியுமுன் ஒருவன் விறகு வெட்டுகிறான். ஒருவன் வண்டியில் ஏற்றுகிறான். ஒருவன் குழி தோண்டுகிறான். ஒருவன் நெய்க்குடத்தை இறக்குகிறான். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அப்பால் மதிலோரத்தில் நந்தன் உறங்கிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு இன்னும் கனவு வரவில்லை.